மிச்ச மூச்சு

சோடாவைத் திறந்த கையோடு கடகடவென்று குடிப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. பத்து வருஷம் கோவில்பட்டியில் சோடாக் கம்பெனி நடத்தியவன் பேசுகிற பேச்சா இது என்று கேட்பார்கள். கேட்கட்டும். நான் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி, குமிழி எல்லாம் ஏறி முடிந்து, கடைசி ஒன்றும் உடைந்த பிறகுதான் வாயில் வைப்பேன். அதற்குள் அது சப்பென்று ஆகிவிடும். பரவாயில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் பொறுமை இழந்து எழுந்து போனாலும் எனக்குக் கவலையில்லை.

கம்பெனி என்றவுடன் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு தகரக் கொட்டகை, கையால் சுற்றுகிற ஒரு மிஷின், ஆள் உயரத்துக்கு ஒரு கேஸ் சிலிண்டர், நாலு மரப்பெட்டி கோலி சோடா பாட்டில், ஒரு தண்ணீர்த் தொட்டி. எழுபதுகளின் கடைசியில் அந்த ஊர் வெயிலுக்கு அவ்வளவு போதும். கொட்டகைக்குப் பின்னால் ஒற்றை அறை வீடு. அதில் நானும் அக்காவும் இருந்தோம்.

குமிழியைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் அந்த வட்டாரத்தில் கிடையாது என்று எனக்கு ஒரு நினைப்பு. வேலையும் அப்படி. ரப்பர் குழாயில் எங்கே கசிவு என்று பார்க்கத் தொட்டித் தண்ணீரில் முக்கிப் பிடிப்போம். குமிழி வந்தால் ஓட்டை. கடுகளவு குமிழி என்றால் நூல் பிடித்த மாதிரி நேராக ஏறும். மிளகளவு ஆகிவிட்டால் அதற்கு நேராகப் போகத் தெரியாது, ஆடி ஆடிச் சுற்றிக்கொண்டே போகும். அதைவிடப் பெரியது தலையில் தொப்பி கவிழ்த்த மாதிரி தட்டையாகி, அவசர அவசரமாகப் போய் உடையும். நன்னாரிப் பாகில் விட்டால் சோம்பேறித்தனமாக எழும்பும். விளக்கெண்ணெயில் பாதி வழியில் நின்றுவிட்டதோ என்று தோன்றும். இதையெல்லாம் வாடிக்கையாளர்களிடம் அளந்துகொண்டே இருப்பேன். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கப் போனவள். தீக்குச்சிகளைச் சட்டத்தில் வரிசையாக அடுக்குகிற வேலை. அவள் விரல் போகிற வேகத்தை நம் கண்ணால் தொடர முடியாது. வாய் அதைவிட வேகம். ஆனால் இளைப்பு அவளைப் பாடாய்ப் படுத்தியது. காற்று மாறினாலும் இழுக்கும், கோபம் வந்தாலும் இழுக்கும். இரண்டு குட்டை மூச்சு, ஒரு நிறுத்தம், பிறகு நீளமாக ஒரு இழுப்பு. அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். தூக்கத்தில்கூடக் கேட்டுக்கொண்டிருப்பேன்.

"ஏலே, உன் சோடாவும் நானும் ஒண்ணுதான். தொறந்தா ஸ்ஸ்ஸுனு சத்தம், உள்ள ஒண்ணும் கெடையாது" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். சிரித்தால் அவளும் சிரிப்பாள். சிரித்தால் இழுக்கும்.

நாங்கள் குளத்தூர்ப் பக்கத்துக் கிராமம். எனக்கு ஏழு வயதில், ஒரு சித்திரை மாதம், அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வருஷக் கோடை பொல்லாத கோடை. கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்து, வெடிப்புக்குள் என் முழங்கை வரை போகும். ஐப்பசியில் முதல் பெருமழை பெய்து ஓய்ந்த மதியம், அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு காட்டு வரப்பில் வந்துகொண்டிருந்தாள். காடு முழுக்கத் தண்ணீர் நின்றது. அந்தத் தண்ணீர் முழுக்க, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை, குமிழி விட்டுக்கொண்டிருந்தது. மழை நின்றுவிட்டது, காற்று இல்லை, குருவி இல்லை. வெறும் மொப் மொப் என்று அந்தச் சத்தம் மட்டும். ஆயிரம் பேர் வாயை மூடிக்கொண்டு ஏதோ சொல்ல வந்த மாதிரி இருந்தது.

நான் இறங்கி மிதிக்கப் போனேன். அக்கா மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். "மிதிக்காதலே. மிச்ச மூச்சு விடுதாவ."

"யாரு?"

"கோடையில செத்தவிய. விட்டு முடிக்காத மூச்சு உள்ளேயே கெடக்கும். மழை வந்தாத்தான் வெளிய வரும்."

"நம்ம அம்மையுமா?"

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே, "முடியுத வரைக்கும் நின்னு பாக்கணும். பாக்க ஆளு இல்லன்னா திரும்பி உள்ள போயிரும், அடுத்த மழைக்குத்தான் வரும்" என்றாள். அவள் அசையாமல் நின்று பார்த்தாள். நான் பயத்தில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு அவள் பாவாடையில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். எல்லாம் அடங்கிய பிறகு அவளே என்னைத் திருப்பி வீட்டுக்குக் கூட்டிப் போனாள்.

பின்னால் பத்துக் கிராமத்தில் கேட்டுப் பார்த்துவிட்டேன். அப்படி ஒரு நம்பிக்கை யாருக்கும் கிடையாது. பதின்மூன்று வயதுப் பெண் வரப்பில் நின்றபடி அந்த நிமிஷத்தில் தனக்காகக் கட்டிக்கொண்ட கதை அது. அவளிடமும் ஒரு தடவை கேட்டேன். "கதைன்னா கதைதான். நீ கண்ண மூடிக்கிட்டதுதான் எனக்கு ஆத்தாமை" என்றாள்.

அவள் செத்துப்போன வருஷம், மாசி மாதத்தில் ஒன்று நடந்தது. நல்ல உச்சி வெயில். சிலிண்டரை இறுக மூடிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன். ரப்பர் குழாயின் நுனி தொட்டித் தண்ணீரில் கிடந்தது. அதிலிருந்து ஒரு குமிழி வந்தது. பிறகு இன்னொன்று. ஒரு நிறுத்தம். பிறகு பெரிதாக ஒன்று, ஆடி ஆடி ஏறி உடைந்தது. எழுந்துபோய்ச் சிலிண்டர் சாவியைத் திருகிப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. வாஷரைக் கழற்றி மாற்றினேன். மறுநாள் அதே நேரத்துக்கு அதே மாதிரி வந்தது. இரண்டு சின்னது, ஒரு நிறுத்தம், ஒரு பெரியது.

முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தம் கேட்டது. அக்கா வந்து நின்றிருந்தாள். ஆபீசில் இழுப்பு வந்து பாதியில் அனுப்பிவிட்டார்களாம். முந்தின நாளும் அப்படித்தான். தொட்டியையே பார்த்தாள். "எனக்கு இழுக்கயில வருது. நான் அடக்குனா நிக்குது. பாத்தியா?" என்றாள். அடக்கிக் காட்டினாள். குமிழி நின்றது.

பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும். "போக்கா அங்கிட்டு. பழைய ரப்பரு, உள்ள தங்குன கேஸு வெயிலுக்கு விரிஞ்சு வருது. இதுக்கு ஒரு கதை கட்டாத" என்று கத்தினேன். அன்று சாயங்காலமே குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் புதுசு மாட்டினேன். குமிழி நின்றுவிட்டது. அக்காவுக்கு இழுப்பு நிற்கவில்லை.

வைகாசியில் ஒரு நாள் காலையில் இழுப்பு விடாமல் பிடித்துக்கொண்டது. உதடு நீலம் பாரித்துவிட்டது. எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. பக்கத்துக் கடைக்காரர்தான் குதிரை வண்டியைக் கூப்பிட்டு ஏற்றிவிட்டார். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் சிலிண்டரை நிறுத்தினார்கள். என் கொட்டகையில் நிற்கிறதுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருந்தது, சாயம்தான் வேறே. அதன் கழுத்தில் பாதித் தண்ணீரோடு ஒரு கண்ணாடிப் புட்டி. சிலிண்டர்க் காற்று அந்தத் தண்ணீருக்குள் குமிழியாக வந்து, ஏறி, அங்கிருந்து குழாய் வழியாக அக்காவின் மூக்கை மூடிய ரப்பர் மூடிக்குப் போனது.

நர்ஸ் வயதானவர். வார்டு முழுக்க அவர் ஒருத்தர்தான். "அண்ணாச்சி, இந்தக் குமிழி வந்துக்கிட்டே இருக்கணும். நின்னா சிலிண்டரு தீந்துட்டுன்னு அர்த்தம். ஓடி வந்து என்னையக் கூப்பிடுங்க" என்றார்.

"எங்கிட்டயா சொல்லுதீங்க சிஸ்டர்? நான் சோடாக் கம்பெனி வச்சிருக்கேன்" என்றேன். அந்த நேரத்திலும் எனக்குப் பெருமை. அதை நினைத்தால் இப்போதும் என் வாயிலேயே ஒரு போடு போட வேண்டும் போல இருக்கிறது.

"அப்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் புட்டியையே பார்த்தேன். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன் என்று சொல்வார்களே, அப்படி. மிளகளவுக் குமிழி, ஒரே சீராக வந்தது. கொஞ்சம் தளர்ந்தால் சாவியைத் தொட்டுச் சரி செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வித்தை அதுதான். அவளுக்காக நான் செய்ய முடிந்ததும் அது ஒன்றுதான் என்று நினைத்தேன். எதிர்க் கட்டில் நோயாளியின் மனைவி, "அக்காவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "நல்லா வருது, சீரா வருது" என்றேன். அந்த அம்மாள் கேட்டது அக்காவை. நான் சொன்னது புட்டியை. எந்த இடத்தில் இரண்டும் எனக்கு ஒன்றாகிப் போயின என்று எனக்கே தெரியாது. அந்தக் குமிழிதான் அவள் மூச்சு என்று நம்பிவிட்டேன். காற்று எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம் போகிறது என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்தியவன் நம்பிவிட்டேன்.

மதியம் ஆயிற்று. ஜன்னலுக்கு வெளியே வெயில் வெள்ளையாக நின்றது. அக்கா என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். மூடியைத் தானே விலக்கிவிட்டு, "ஏலே, எங்கலே பாக்குத?" என்றாள்.

"பேசாத எக்கா. காத்து வீணாப் போவுது."

"இங்கன பாரு. என்னயப் பாரு."

நான் மூடியை எடுத்து அவள் மூக்கில் திரும்ப வைத்தேன். "பாத்துட்டுத்தான் இருக்கேன். நீ பேசாம தூங்கு" என்று சொல்லிவிட்டுப் புட்டியின் பக்கம் திரும்பினேன். அவள் மூடியை எடுத்ததில் குமிழி மாறிவிட்டதோ என்று எனக்குக் கவலை. மாறவில்லை. அவள் என் சட்டைக் கையை விடாமல் பிடித்திருந்தாள்.

அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. இழுப்புச் சத்தம் அடங்கிவிட்டது. காலையிலிருந்து அறுத்துக்கொண்டிருந்த சத்தம் அடங்கியதும் எனக்கு அப்படி ஒரு நிம்மதி. எதிர்க் கட்டில் அம்மாளைப் பார்த்து, "தூங்கிட்டா" என்று மெதுவாகச் சொன்னேன். அவள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. எழுந்து வெளியே போனாள். நான் குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்னைவிட அழகாக வந்துகொண்டிருந்தது.

நர்ஸ் வந்தார். புட்டியை அவர் பார்க்கவே இல்லை. அக்காவின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார், கையைப் பிடித்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார்.

"நல்லா வருது சிஸ்டர். நான் அசையவே இல்ல" என்றேன்.

அவர் சாவியைத் திருகி மூடினார். "அது சிலிண்டர் காத்து, அண்ணாச்சி. அவிய மூச்சு இல்ல" என்றார்.

புட்டியில் ஒரு குமிழி ஏறியது. இன்னொன்று ஏறியது. கடைசியாக ஒன்று குழாயின் நுனியில் ஒட்டிக்கொண்டு, ஏறாமல், அப்படியே நின்றது. எனக்கு என்ன ஆயிற்றோ, பாய்ந்து சாவியைத் திறந்துவிட்டேன். உடனே குபுகுபுவென்று வந்தது. "பாருங்க, வருது பாருங்க" என்றேன். கட்டிலில் அக்கா வாயைக் கொஞ்சம் திறந்தபடி என்னைப் பார்த்துக் கிடந்தாள். பக்கத்தில் புட்டி உற்சாகமாகக் கொதித்துக்கொண்டிருந்தது. நர்ஸ் என்னைத் தடுக்கவில்லை. சிலிண்டரில் பாதிக்கு மேல் காற்று மிச்சம் இருந்தது. அது எத்தனை நேரம் வேண்டுமானாலும் வந்திருக்கும். எனக்கு அது தெரியும். என் கையாலேயே சாவியை மூடினேன். பிறகு என் சட்டைக் கையிலிருந்து அவள் விரல்களை நர்ஸ் ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்.

மாதா கோவிலடிக் கல்லறைத் தோட்டத்தில் புதைத்தோம். சிமெண்டு பூச இன்னும் நாள் இருக்கிறது, மண் ஒரு மழை கண்டு அமரட்டும் என்றார்கள். மரச் சிலுவை மட்டும் நட்டோம். ஞாயிறு பூசை முடிந்து போய்ப் பார்ப்பேன். ஆனி, ஆடி, ஆவணி என்று மழையே இல்லை. அள்ளிப் போட்ட கரிசல் காய்ந்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை ஒரே வெடிப்பாக வெடித்துவிட்டது. ஒரு கூழாங்கல்லைப் போட்டுப் பார்த்தேன். விழுந்த சத்தம் கேட்கவில்லை. இரண்டு வாளி மணல் கொண்டுவந்து கொட்டினேன். அது எங்கே போயிற்று என்றே தெரியாமல் போய்விட்டது. அடுத்த வாரம் வெடிப்பு அதே மாதிரி வாயைத் திறந்துகொண்டிருந்தது.

கொட்டகையில் மிஷினைச் சுற்றுவேன். பாட்டிலில் கேஸ் ஏறுகிறபோது நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். பாட்டில் வெடித்தால் கண் போய்விடும், பார்த்துச் செய் என்று கடைக்காரர் திட்டுவார். கண்ணை வைத்துக்கொண்டு என்னத்தைக் கிழித்தேன் என்று பதிலுக்குக் கத்துவேன்.

ஐப்பசி பிறந்தது. மழை அங்குமிங்கும் தூறிப் போயிற்றே தவிர, கொட்டவில்லை. கல்லறைத் திருநாள் அன்றைக்குச் சாயங்காலம் ஊர்ச் சனம் எல்லாம் பூவும் மெழுகுவத்தியுமாகக் கல்லறைத் தோட்டத்தில் கூடியிருந்தது. சாமியார் வந்து தீர்த்தம் தெளித்துப் பூசை வைக்க வேண்டும். அதற்குள் வானம் இருட்டிக்கொண்டு கொட்டத் தொடங்கிவிட்டது. அரை மணி நேரம் அடித்து ஊற்றியது. எல்லோரும் கோவில் தாழ்வாரத்துக்கு ஓடினார்கள். மழை நின்று நாங்கள் திரும்பி வந்தபோது மெழுகுவத்தி ஒன்றுகூட எரியவில்லை. ஒவ்வொரு கல்லறையைச் சுற்றியும் தண்ணீர் நின்றது. சிமெண்டு பூசிய கல்லறைகளில் ஒன்றும் இல்லை. அக்கா கிடந்த மண்ணின்மேல் மட்டும் தண்ணீர் குமிழி விட்டுக்கொண்டிருந்தது.

மொப். மொப். ஒரு நிறுத்தம். பிறகு பெரிதாக ஒன்று.

பக்கத்துக் கல்லறைக்குப் பூ வைக்க வந்த அம்மாள் சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். அவள் புருஷன் தாழ்ந்த குரலில், "ஏட்டி, மூச்சு விடுத மாதிரில்லா இருக்கு" என்றான். நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒருத்தி பிள்ளையின் கண்ணைப் பொத்தினாள்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. "என்னத்த மூச்சு? வெடிப்புக்குள்ள கெடந்த காத்து. தண்ணி உள்ள எறங்குனா காத்து வெளிய வரத்தான் செய்யும். கொடத்தத் தண்ணியில முக்குனா வரலையா? பத்து வருசமாப் பாத்துட்டு இருக்கேன், எனக்குத் தெரியாதா? அது வெறும் காத்து. அவ மூச்சு இல்ல" என்று கத்தினேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதில் அது விழுந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு அது எனக்குப் புரியவில்லை. இன்றைக்கு நானே தெளிவாகச் சொல்கிறேன், அத்தனையும் சரியாகச் சொல்கிறேன்.

கூட்டம் கலைந்தது. மணி அடித்தது. அந்த அம்மாள் மட்டும் திரும்பி வந்து, "அண்ணாச்சி, பூசை தொடங்கிட்டு. சாமியாரு வந்துட்டாவ, வாங்க" என்றாள்.

"நீங்க போங்கம்மா. இது முடியட்டும்."

சேற்றில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. இரண்டு சின்னது, ஒரு நிறுத்தம், ஒரு பெரியது. என் தூக்கத்துக்குள் வருஷக்கணக்காகக் கேட்ட அதே கணக்கு. மண்ணில் அப்படி வர ஆயிரம் காரணம் இருக்கும். எனக்கே நாலு தெரியும். கண்ணை மூடிக்கொள்ளலாம் என்று ஒரு தடவை இமை வரை வந்துவிட்டது. மூடவில்லை.

தொப்பி மாதிரிக் குமிழிகள் நின்றுபோயின. பிறகு மிளகளவு. பிறகு கடுகளவு, நேராக, ஒன்றன்பின் ஒன்றாக. நடுவில் நீண்ட நேரம் ஒன்றும் வராமல், முடிந்துவிட்டது என்று எழப் போனேன். இன்னும் ஒன்று வந்தது. தண்ணீரின்மேல் உடையாமல் கொஞ்ச நேரம் நின்றது. தோட்டத்தின் அந்தக் கோடியில் சனம் பாடிக்கொண்டிருந்தது. நான் இமைக்கவில்லை.

"பாக்குதேன் எக்கா" என்றேன். "உன்னயத்தான் பாக்குதேன்."

அது உடைந்தது. அதற்கு மேல் எதுவும் வரவில்லை.